கறுப்பாக வந்த எஞ்சின் நம்பர்

பர்கூர் பக்கமிருந்து கிருஷ்ணகிரியை நோக்கி மூன்று மணி நேரம் நடந்தாயிற்று. தோளில் ஒரு பை. முதுகுக்குப் பின்னால் பதினோரு வாரம் பாலிஷ் போட்ட கிரானைட் பட்டறை. சண்டை ஒன்றும் இல்லை. காறித் துப்பினால் கல்தூள் வர ஆரம்பித்ததும் இடத்தை மாற்றிவிட வேண்டும் - இது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அன்று காலை வந்தது. கிளம்பிவிட்டேன்.

இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் வேலையை விடுவது செய்தி அல்ல. சேர்வதுதான் செய்தி.

பஸ் ஏறியிருக்கலாமே என்பீர்கள். ஏறியிருக்கலாம். ஆனால் வேலையை விட்ட அன்று நடந்தால்தான் விட்ட மாதிரி இருக்கும்.

ஊர் எல்லையில் வண்டிகளுக்குப் பதிவு செய்யும் ஆர்.டி.ஓ. ஆபீஸ். அதன் கேட்டைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வெளியே வந்தது. ஓடி வரவில்லை... தள்ளப்பட்டு வந்தது. பழைய பிரிட்டிஷ் வண்டி. பக்கத்தில் சைடு கார். அதில் சீட்டை எடுத்துவிட்டுத் தகரப் பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் இரண்டு காலி அண்டாக்கள்.

ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். புர்காவின் கைகளை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தார். பின்னால் தள்ளியவர் லுங்கி கட்டிய ஒல்லி மனிதர். ஓடிப்போய் நானும் ஒரு கை கொடுத்தேன்.

"பெட்ரோல் தீந்துபோச்சாக்கா?"

"டேங்க் ரொம்பி இருக்குது தம்பி. ரோட்ல ஓட்டக் கூடாதுன்னு உள்ள சொல்லிட்டாங்க. தள்ளக் கூடாதுன்னு சொல்லல."

பின்னாலிருந்தவர் மூச்சு வாங்கினார். "அதயும் சொல்லியிருந்தாங்கன்னா நான் நிம்மதியா குந்தியிருப்பேன்."

எதிரே டீக்கடை, புளியமர நிழல். வண்டியை அங்கே நிறுத்தினோம். டீ சொன்னார்கள். கதையும் சொன்னார்கள்.

அவர் நூர்ஜஹான் அக்கா. ஒல்லி மனிதர் அவர் கணவர் கவுஸ் பாய். வீட்டில் கவுஸ் பாய் சமைப்பார், அக்கா வண்டி ஓட்டுவார். சைடு காரில் அண்டாக்களோடு கவுஸ் பாயும் போவார். மூன்று கம்பெனி கேட்டுகளில் மதியச் சாப்பாடு. வண்டி அக்காவின் அப்பா கொடுத்தது. அவர் மெக்கானிக். பட்டாளத்தில் ஓடி, பெங்களூருக்கு வந்து, அங்கிருந்து அவர் கைக்கு வந்த வண்டியாம். மருமகனுக்குத்தான் கொடுத்தாராம். மருமகன் ஒரே ஒரு தடவை கிக்கரை உதைத்தார். கிக்கர் திருப்பி உதைத்தது. அன்றோடு அவர் கரண்டிக்குப் போய்விட்டார், அக்கா வண்டிக்கு வந்துவிட்டார்.

எந்தக் கம்பெனி வண்டி என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து நாலு கார் அக்கா வீட்டு வாசலில் நிற்கும். "எவ்ளோ கொடுப்பீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவருக்குச் சோறு வடிக்கிற நேரம் அது.

சரி, பிரச்சினை என்ன?

ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்க வந்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் எல்லாத் தடவையும் கையெழுத்து போட்டு அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இதே எஞ்சின் நம்பரில் வேறு மாவட்டத்தில் இன்னொரு வண்டி இருக்கிறதாம்.

"ஒரே எஞ்சின் நம்பர்ல எப்பிடி ரெண்டு வண்டி இருக்கும்? ரெண்டுல ஒண்ணு திருட்டுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாராம் இன்ஸ்பெக்டர் மேடம். "நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். இதுதான் உங்க எஞ்சின்னு காட்டுங்க. இல்லன்னா ரிப்போர்ட் எழுதிடுவேன். அப்புறம் வண்டி இங்கயேதான் நிக்கும்."

இங்கேயே என்றால் எங்கே? காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். வழக்கில் மாட்டிய வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு ஆட்டோவுக்குள் கொடி படர்ந்து, பூவும் விட்டிருந்தது.

"இன்னைக்கு மூணு கேட்டுலயும் சோறு போவல," என்றார் கவுஸ் பாய். "ஒரு நாள் பொறுப்பாங்க. ரெண்டு நாள் பொறுப்பாங்க. மூணாவது நாள் இன்னொருத்தன் ஆட்டோல தக்காளி சாதம் கொண்டாந்து நிறுத்துவான். அப்புறம் நம்ம சாம்பார எவன் நெனப்பான்?"

அக்கா கையில் ஒரு ஃபாரத்தை வைத்து விசிறிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவைத் திருடன் என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி முகம்.

"அதக் கொஞ்சம் காட்டுங்கக்கா."

வண்டி ஆய்வுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நம்பர் இருக்கிற இடத்தில் மெல்லிய தாளை வைத்து, மேலே பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். ஃபாரத்தில் அப்படி இரண்டு துண்டுகள் ஒட்டியிருந்தன. மேலே சேஸிஸ் நம்பர், கீழே எஞ்சின் நம்பர்.

மேலே உள்ளதில் தாள் முழுக்கக் கறுப்பு, எண்கள் வெள்ளை. கீழே உள்ளதில் தாள் வெள்ளை, எண்கள் கறுப்பு.

இரண்டையும் ஒரே பென்சிலால், ஒரே கை தேய்த்திருக்கிறது. அப்புறம் ஏன் ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு?

யாரும் கவனிக்கவில்லை. எதற்குக் கவனிக்கப் போகிறார்கள்? நம்பரைப் படிக்க முடிந்தால் போதாதா? நான் மட்டும் கவனித்ததற்குக் காரணம் படிப்பு அல்ல. நான் எட்டாவதோடு நின்றவன். ஓசூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் எட்டு மாதம் இருந்தேன். உருக்கிய இரும்பை மண் அச்சில் ஊற்றி, ஆறியதும் உடைத்தெடுத்து, பிசிறு தேய்க்கிற வேலை. இடது பாதத்தில் காசு அளவுக்கு ஒரு தழும்பு அங்கே கிடைத்தது. கூடவே ஒரு பாடமும் கிடைத்தது.

வார்ப்பில் எழும்பி நிற்கிற எண் அச்சில் இருந்து வருவது. ஆயிரம் பீஸ் ஊற்றினால் ஆயிரத்திலும் அதே எண்தான். ஒரு பீஸுக்கு மட்டும் சொந்தமான எண் வேண்டுமென்றால், பிற்பாடு பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். அது குழிந்து இருக்கும். எழும்பிய எண் பென்சிலுக்குக் கறுப்பாக வரும். குழிந்த எண் வெள்ளையாக வரும்.

"அக்கா, இது உங்க வண்டி நம்பரே இல்ல. அச்சு நம்பரு. இந்த மாடல் எல்லாத்துலயும் இதேதான் இருக்கும். அந்தக் காலத்துல பெங்களூர்ல இருந்து நம்ம ஊருக்குப் பதிவு மாத்தும்போது எவனோ ஏஜென்ட் கண்ணுல பட்டத எழுதிட்டான். அந்த இன்னொரு வண்டிக்கும் அதே மாதிரி ஒருத்தன் எழுதியிருக்கான். நெஜ நம்பரு வேற எங்கயோ இருக்குது."

"எங்க?"

அது எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கமும் எனக்கு இல்லை. வலது பக்கம் குனிந்து, கியர் பாக்ஸ் ஓரமாகச் சுரண்ட ஆரம்பித்தேன். அரை மணி நேரம் சுரண்டியதும் ஒரு எண் தெரிந்தது. தடவிப் பார்த்தேன். எழும்பி இருந்தது.

"இன்னொரு அச்சா?" என்றார் கவுஸ் பாய். "நல்லாத் தேடு தம்பி. மூணாவதும் கெடைக்கும்."

அப்போதுதான் முனிராஜ் வந்தார். ஆபீஸுக்கு எதிரே நம்பர் பிளேட் எழுதுகிற கடைக்காரர். ஆனேக்கல் பக்கத்து ஆள். தமிழைக் கன்னடத்தில் முக்கி எடுத்துப் பேசுவார்.

"ஏன் குரு இவ்ளோ கஷ்டம்? என்ன நம்பர் பேக்கு, எது வேணும்னு சொல்லு. பஞ்ச் செட் இருக்கு. பத்து நிமிஷத்துல அடிச்சுக் கொடுக்கறேன்."

நூர்ஜஹான் அக்கா எழுந்து நின்றார். "எங்கப்பா வண்டியத் திருட்டு வண்டின்னு அவங்க சந்தேகந்தான் பட்டாங்க. நீ அத நெஜமாவே திருட்டு வண்டி ஆக்கிடுவ போல. போய்யா! போயி பெயின்ட் தின்னர் இருந்தா கொண்டா."

முனிராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர். ஒரு பாட்டில் தின்னரும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு வந்தார். ஆனால் அவர் சொன்ன பஞ்ச் என்ற சொல் என் மண்டையில் நின்றுவிட்டது.

பஞ்ச் அடிக்கிறவனுக்கு என்ன வேண்டும்? சுத்தியலை ஓங்க இடம் வேண்டும். தட்டையான பரப்பு வேண்டும். சந்திலும் பொந்திலும் அடிக்க முடியாது. எஞ்சின் முழுக்கப் பூட்டுவதற்கு முன்னால் மேசையில் வைத்து அடித்திருப்பான். எழுந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இடது பக்கம், சிலிண்டரின் காலடியில், எஞ்சினின் அடிப்பெட்டி மேல் விரல் நீளத்துக்கு ஒரு தட்டை. வெள்ளிப் பெயின்ட்டில் வழவழவென்று இருந்தது. சைடு கார் மறைத்ததால் அந்தப் பக்கம் யாரும் குனிந்ததே இல்லை.

"இங்க எத்தன கோட்டு பெயின்ட் அடிச்சிருக்கீங்கக்கா?"

"வருசா வருசம் ரம்ஜானுக்கு ஒரு கோட்டு அடிப்போம்."

"எத்தன வருசமா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து," என்றார் கவுஸ் பாய். "வண்டிய நான் தொட்டது அதுக்கு மட்டுந்தான்."

தின்னரைத் துணியில் நனைத்து ஒற்றி வைத்தோம். முப்பது ரம்ஜானும் தோல் தோலாக உரிந்து வந்தது. நடுவில் ஒரு பச்சை. அது பட்டாளத்துப் பச்சை. அதற்கும் அடியில் சாம்பல் நிற உலோகம். அதில் இரண்டு எழுத்து. பிறகு ஒரு எண், இன்னொரு எண்... விரலை வைத்துத் தடவினேன்.

குழிந்திருந்தது!

"கெடச்சுடுச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் பாலைப் பொங்க விட்டுவிட்டார்.

கிடைத்தது சரி. இதுதான் அப்பா வாங்கிய எஞ்சின் என்பதற்கு என்ன அத்தாட்சி? அக்கா ஆர்.சி. புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்தார். இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஒரு தாயத்து, எட்டாக மடித்த ஒரு பழுப்புத் தாள். தாள் முழுக்கக் கன்னடம். அக்கா கன்னடத்தில் சண்டையே போடுவார். படிக்கத் தெரியாது.

"அது பழைய தையல்காரன் பில்லுன்னு நெனச்சேன்," என்றார் கவுஸ் பாய்.

நான் வாங்கிப் பார்த்தேன். அத்திப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் ஒரு கோடைக்காலம் முழுக்க வெள்ளரிக்காய் விற்றிருக்கிறேன். எழுத்து வராது, ஆனால் பஸ் பார்த்துப் பார்த்துக் கன்னட எண்கள் வரும். தாளின் நடுவே ஒரு நீண்ட எண் இருந்தது.

முனிராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை என்னிடமிருந்து பிடுங்கினார். "அய்யோ, இது பெங்களூர்ல மொதல்ல பதிவு பண்ண காகிதம் குரு! எஞ்சின் நம்பர்... நீ வண்டியப் பாத்துச் சொல்லு."

நான் தரையில் படுத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "கரெக்ட்டு" என்றார். கடைசி எண்ணுக்கு முன்னால் அவரே கொஞ்சம் நிறுத்தினார். அக்கா இரண்டு கையையும் ஏந்தி நின்றார்.

"ஏழு," என்றேன்.

"கரெக்ட்டு!"

கவுஸ் பாய் என்னைக் கட்டிப் பிடித்தார். அவர் மேல் மசாலா வாசனை, என் மேல் தின்னர் வாசனை.

மணி மூன்று. மேடத்தை அழைத்து வந்தோம். முப்பது வயதுதான் இருக்கும். அவசரப்படாத கண்கள். நான் வெள்ளை எண், கறுப்பு எண் கதையைச் சொன்னேன். ஃபாரத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். தன் பென்சிலையும் பார்த்தார். ஒரு சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

"நீங்க சொல்றதுல விஷயம் இருக்கு. ஆனா ரெண்டு கேள்வி. இந்த நம்பர் வெளிய தெரிஞ்சதே இன்னைக்குத்தான். எதிர்லயே பஞ்ச் செட் வச்சுக்கிட்டு ஒருத்தர் கடை போட்டிருக்கார்..."

முனிராஜ் டீ டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு... ஆர்.சி.ல 500 சி.சி.ன்னு இருக்கு. இந்தக் கன்னடத் தாள்ல?"

முனிராஜ் டம்ளருக்குள்ளிருந்தே சொன்னார். "ஐநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு மேடம்."

நம்பர் ஒத்துப் போகிறது, எஞ்சின் அளவு ஒத்துப் போகவில்லை. பெரிய எஞ்சினின் தாளை வைத்துக்கொண்டு சின்ன எஞ்சினில் நம்பரை அடித்தோம் என்று அவர் நினைத்தால்? நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

அக்காதான் பேசினார். "500 வண்டி மூணு பேரு வெயிட்ட இழுத்துக்கிட்டு மலைப்பாதை ஏறாது மேடம். இது ஏறும். எங்கப்பா இத 'பெரியவன்'னுதான் சொல்லுவாரு. இதுல அண்ணன் ஒண்ணு, தம்பி ஒண்ணு உண்டாம். வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். பிஸ்டன் ஏறி எறங்குற தூரம் மட்டும் அண்ணனுக்கு ஜாஸ்தி."

இத்தனை நேரம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ நம்பரத்தானே கேட்ட?"

அப்படியானால் அளந்துவிடலாமே! என் பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு வெர்னியர் அளவுகோல். ஓசூரில் லேத் பட்டறையில் இருந்தபோது வாங்கியது. எத்தனையோ வேலையை விட்டிருக்கிறேன், அதை விட்டதில்லை.

இந்த ரகத்தில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். மேலே ஹெட் என்பது வெறும் மூடிதான். போல்ட்டைக் கழற்றினால் கையோடு வரும். எங்கள் பக்கத்து ஸ்பேனர் எதுவும் சேராது, எல்லாம் மில்லிமீட்டர். அக்கா தகரப் பெட்டியின் அடியிலிருந்து கித்தான் சுருள் ஒன்றை எடுத்தார். அப்பாவின் இஞ்ச் ஸ்பேனர்கள். நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, அவரே கழற்றினார்.

மூடி வந்தது. கீழே கறுத்த பிஸ்டன்.

"நான் அளக்கறேன்," என்றார் மேடம். வெர்னியரை வாங்கி, கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். டிப்ளமோவில் மெக்கானிக்கலாம். கை பிடித்த விதத்திலேயே தெரிந்தது. முதலில் சிலிண்டரின் குறுக்களவு. 82 மில்லி. அக்கா மெதுவாகக் கிக்கரை அழுத்த, பிஸ்டன் உச்சிக்கு வந்தது. மேடம் குறித்துக்கொண்டார். மறுபடி அழுத்த, இறங்கியது... இறங்கியது... இன்னும் இறங்கியது.

"நூத்திப் பன்னெண்டு," என்றார் மேடம்.

போனை எடுத்துக் கணக்குப் போட்டார். ஐந்து பேரும் அந்தச் சின்னத் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம்.

591.

அண்ணன்தான்! தாள் சொன்ன அதே அண்ணன். பஞ்ச் செட் வைத்து யார் வேண்டுமானாலும் நம்பரை அடிக்கலாம். பிஸ்டன் இறங்குகிற தூரத்தை அடிக்க முடியுமா?

மேடம் அந்த இன்னொரு வண்டியைப் போனிலேயே தேடிப் பார்த்தார். அது 500. தம்பி. அண்ணனுக்கும் தம்பிக்கும் அடிப்பெட்டி ஒரே அச்சு. அதனால் ஒரே அச்சு நம்பர். இரண்டு ஊரில் இரண்டு ஏஜென்ட்டுகள் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள்.

புதுத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து, மேடம் தேய்த்தார். கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக ஒவ்வோர் எண்ணாக வெளியே வந்தது. இந்தத் தடவை சிரித்தேவிட்டார்.

"அந்த வண்டிக்காரருக்கும் லெட்டர் போடணும். பாவம், அவரும் இப்ப எங்கயாச்சும் தள்ளிக்கிட்டு இருப்பார்."

நம்மில் எத்தனை பேரை அச்சு நம்பரை வைத்தே அடையாளம் சொல்கிறார்கள்! கான்ட்ராக்ட் லேபர், வெளியூர்க்காரன், எட்டாவது ஃபெயில்... ஆயிரம் பேருக்கு ஒரே எண். நமக்கு மட்டும் அடித்த எண் பெயின்ட்டுக்குக் கீழேதான் கிடக்கிறது. குனிந்து பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஹெட்டை மூட வேண்டும். நடுவே வைக்கிற செப்பு வாஷரைத் திரும்பப் போட வேண்டுமென்றால் அது இளக வேண்டும். டீக்கடை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, டம்ளர் கழுவுகிற வாளியில் போட்டேன். சுர்ரென்றது. டீக்கடைக்காரர் அன்று எங்களை எத்தனை தடவை மன்னித்தார் என்று கணக்கே இல்லை.

கையெழுத்து வந்தபோது நாலரை. அக்கா ஏறி உட்கார்ந்து ஒரே உதை உதைத்தார். கவுஸ் பாய் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டார். வண்டி ஒரு தடவை இருமியது. பிறகு நின்று நிதானமாக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழ, ஓட ஆரம்பித்தது. ஆபீஸ் மாடியிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார்.

"எங்க தம்பி போவணும்?" என்றார் அக்கா.

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

கவுஸ் பாய் மரத்துக்குப் பின்னாலிருந்து முழுசாக வெளியே வந்தார். அவர் முகத்தில் பல வருடக் கனவு ஒன்று பலிக்கிற வெளிச்சம். "நூரு, இந்தத் தம்பிக்கு வண்டின்னா பயமே இல்ல, பாத்தியா? நான் வூட்லயே இருந்து நிம்மதியா சமைக்கிறேனே..."

மறுநாள் காலை பதினொன்றரைக்கு வேலையில் சேர்ந்துவிட்டேன். சைடு காரில் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

முதல் வளைவிலேயே 591 சி.சி.யின் முழு பலத்தையும் தொடையில் உணர்ந்தேன் - சாம்பார் நல்ல சூடு.